சூதகவலியும் கைமருந்தும்: ஓசூர் - கிருட்டிணகிரி எல்லைப் பகுதியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தமிழ் மக்கள் உண்ட உணவு பற்றியும் உற்ற நோய் பற்றியும் ஆராய்ச்சிகள் பல எழுந்துள்ளன. எனினும் மகளிர்க்குத் திங்கள்தோறும் நேரும் வயிற்றுவலியையும், அது தணிய அவர்கள் உண்டு வந்தவற்றையும் வரலாற்றுப் பொருளாகக் கொண்டு ஆராயப் புகுந்தோர் அரியர். இதற்கு நாணம் மட்டுமே காரணம் அன்று. சான்றுகளின் இயல்பும் ஒரு காரணமாம். கல்வெட்டு இதனைப் பேசாது; ஊர்க்கணக்கு இதனை எழுதாது; புலவர் பூப்பையும் விலக்கையும் பாடினர், வலியைப் பாடினாரல்லர். எஞ்சி நிற்பன சொற்களும், மருத்துவ நூல்களும், அடுப்படி வழக்குகளுமே. இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின், ‘எதை உண்டாள்?’ என்னும் வினாவினும் ‘எவர் கையால் உண்டாள்?’ என்னும் வினாவே இவ்வரலாற்றுக்கு முதன்மையானது என்பது புலனாகும். இதுவே யாம் ஈண்டு நிறுவ முற்படும் கருத்து.

இவ்வாராய்ச்சிக்கு ஓசூர் - கிருட்டிணகிரி எல்லைப் பகுதியைக் களமாகத் தேர்ந்துகொண்டோம். கிருட்டிணகிரியைச் சூழ்ந்த பாராமகால் நாடு 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தது. ஓசூர் மேட்டுநிலம் திப்பு சுல்தான் வீழ்ந்த 1799ஆம் ஆண்டில் அதனோடு சேர்ந்தது. நெடுங்காலம் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்த இப்பகுதி, 2004இல் கிருட்டிணகிரி என்னும் தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் நிலம் இது. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். ஆட்சி எல்லை இங்கே பன்முறை மாறிற்று. அடுப்போ அவ்வெல்லையைப் பொருட்படுத்தியதே இல்லை. தமிழர் கேழ்வரகுக் களி என்பதைக் கன்னடர் முத்தெ என்பர், தெலுங்கர் சங்கடி என்பர்; பானையும் துடுப்பும் மாவும் ஒன்றே.

முதற்கண் சொற்களைக் காண்போம். மாதவிலக்கைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘தீட்டு’, ‘தீண்டல்’ என்பன தீண்டுதல் என்னும் வினையை அடியாகக் கொண்டவை. கன்னடத்தினும் தெலுங்கினும் இதற்கு ‘முட்டு’ என்பது பெயர். அம்மொழிகளில் முட்டுதல் என்பது தொடுதல். தமிழகத்தின் தென்பகுதியிலும் ‘முட்டுவீடு’ என்னும் வழக்கு உண்டு. ஆக, ஓசூர்ச் சந்தையில் ஒலிக்கும் மூன்று மொழிகளும் இந்நிலையைத் தொடுதல் என்னும் ஒரே கருத்தால் குறிக்கின்றன. ‘தூரம்’, ‘வீட்டுக்கு விலக்கு’ என்பன தமிழில் இடத்தைச் சுட்டுவன. கன்னடர் ‘ஹொரகெ’, அதாவது புறத்தே, என்பதும் அவ்வகையினதே. ‘சூதகம்’ வடசொல்; பிறப்பால் வரும் தீட்டைக் குறித்து வழங்கிப் பின் இதற்கும் ஆயிற்று. இச்சொற்களெல்லாம் அவளைச் சுற்றியிருப்போர் நிலையினின்று எழுந்தவை. அவளைத் தொடலாகாது என்பதும் அவள் எங்கே இருத்தல் வேண்டும் என்பதும் இவற்றால் பெறப்படும். அவள் உடலில் நிகழ்வது யாது என்பது பெறப்படாது. ‘மாதவிடாய்’ என்னும் சொல் ஒன்றே சற்று வேறுபட்டது. விடாய் என்பதற்கு நீர்வேட்கை, களைப்பு என்பன பொருள். களைப்பு அவளுடையது, பிறருடையது அன்று.

இலக்கியச் சான்றுகள் சிலவே. தொல்காப்பியக் கற்பியல், பூப்புத் தோன்றிய பின் பன்னிரண்டு நாளும் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் ஆகாது என வரையறுக்கின்றது. அது மகப்பேறு கருதிய விதி. நோய் கருதியது அன்று. புறநானூற்று 299ஆம் பாட்டில் பொன்முடியார், பெருவேந்தருடைய குதிரைகள் போர்க்களத்தில் ஒதுங்கி நின்றமைக்கு, முருகன் கோயிலில் கலங்களைத் தொடாது விலகி நிற்கும் மகளிரை உவமை காட்டுகின்றார். விலக்குடைய மகளிர் கலம் தொடாமை அக்காலத்தே நிலைபெற்ற வழக்கு என்பதற்கு இது சிறந்த சான்று. இப்பாட்டிலேயே உளுந்தும் வருகின்றது. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி ஊட்டும் வழக்கை நினைந்து, ‘சங்கப் பாட்டிலேயே இரண்டும் சேர்ந்து வந்தன’ என்று ஒருவர் மகிழக்கூடும். ஆனால் அங்கு உளுந்து, சீறூர் மன்னனுடைய குதிரை தின்ற தீனியாகும், அதுவும் சக்கை. நெய் கலந்த கவளம் உண்ட குதிரைகள் ஒதுங்கி நிற்க, உளுந்துச் சக்கை தின்ற குதிரை களத்தைப் பிளந்து சென்றது என்பதே பாட்டின் நயம். மகளிர் மருத்துவத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. மாணவர் இத்தகைய இடங்களில் விழிப்பாக இருத்தல் நன்று. பழமை காட்டும் ஆர்வத்தால் சான்றை வளைப்பது, சான்றின்றி இருப்பதினும் தீது.

வலியைப் பேர்சொல்லிப் பேசுவது மருத்துவ மரபே. சூதகவலி, சூதகவாயு, சூதகக்கட்டு, பெரும்பாடு எனச் சித்த மருத்துவர் பிரித்து வழங்கினர். கட்டு என்பது போக்கு நின்றுபோதல். பெரும்பாடு என்பது மிகுதியாகப் போதல். வலி இவ்விரண்டினும் வேறாக எண்ணப்பட்டது. இப்பிரிவு நுட்பமானது. இற்றை நாளிலும் வலியையும் சோகையையும் மிகுபோக்கையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவார் பலர். வலிக்குக் காரணம் வளி என்பது மரபு. உடலின் கீழ்ப்பகுதியில் இயங்கி மலம், நீர், சூதகம், கரு ஆகியவற்றை வெளிப்படுத்துவது கீழ்நோக்குக்கால் எனப்படும் அபானன். அதன் போக்குத் தடையுறின் வலி பிறக்கும் என்றனர். வள்ளுவரும் நோய் செய்வனவாகிய மூன்றனுள் வளியையே முதலில் வைத்தார். ‘மருந்து’ எனப் பெயரிட்ட அவ்வதிகாரத்தில் அவர் பெரிதும் பேசுவது உணவின் அளவும் பசியின் அளவுமே. மருத்துவன் கடைசி மூன்று குறள்களில்தான் வருகின்றான்.

வளியே காரணம் எனக் கொண்டமையால், வெம்மை தருவனவும் வளியைக் கலைப்பனவும் மருந்தாயின. சுக்கு, பெருங்காயம், ஓமம், பூண்டு, வெந்தயம் என்னும் இவை அஞ்சறைப்பெட்டியிலும் அதனை அடுத்த கலயங்களிலும் எப்போதும் இருப்பவை. இவற்றோடு எள்ளும் சேரும். எள்ளையும் வெல்லத்தையும் இடித்துப் பிடித்த உருண்டையைத் தமிழர் எள்ளுருண்டை என்பர். தெலுங்கர் சிம்மிலி எனவும் கன்னடர் சிகளி எனவும் வழங்குவர். பூப்பெய்திய பெண்ணுக்கு எள்ளுணவு ஊட்டுதல் இம்மூவர்க்கும் பொதுவான வழக்கு. எள் ‘ருதுவுண்டாக்கி’ என்பது மருத்துவர் கோட்பாடு. கருவுற்றவளுக்கு அதனை விலக்கியதும் இக்கோட்பாட்டாலேயே. ருதுவுண்டாக்கியும் வலிநீக்கியும் ஒன்றல்ல. ஆயினும் தடையை நீக்கின் வலி நீங்கும் என்னும் எண்ணத்தால் இரண்டும் ஒரு கையிலேயே கொடுக்கப்பட்டன.

ஈண்டு ‘கை’ என்னும் சொல்லை யாம் வேண்டியே ஆள்கின்றோம். இவ்வகை மருந்துக்குத் தமிழில் கைமருந்து, கைவைத்தியம் என்பன பெயர். யார் கை? வலியுற்றவள் கை அன்று. அவள் கலம் தொடாதவள், அடுக்களைக்குள் புகாதவள், உப்புச் சாடியையும் ஊறுகாய்ப் பானையையும் அணுகாதவள். சுக்கை இடித்தவள் தாய். வெந்தயத்தை ஊறவைத்தவள் மாமி. களி கிண்டியவள் அக்கையோ நாத்தூணோ ஆவள். அவள் தட்டில் எட்டியிருந்து இடப்பட்டதே அவளுக்கு உணவு. ஆதலின் இம்மருத்துவம் முழுதும் மற்றொரு பெண்ணின் நினைவையும் நேரத்தையும் மனநிலையையும் சார்ந்து நின்றது. மாமி நல்லவளாயின் கஷாயம் வந்தது; அல்லளாயின் பழஞ்சோறு வந்தது. கைமருந்தின் பெருமை பேசுவோர் இதனை நினைப்பதில்லை.

‘மூன்று நாள் விலக்கு, பெண்ணுக்கு ஓய்வளிக்க முன்னோர் வகுத்த ஏற்பாடு’ என்பார் உளர். அதனை யாம் ஏற்கவில்லை. விலக்கப்பட்டது கலமும் கோயிலும் அடுப்புமே, உழைப்பு விலக்கப்பட்டதில்லை. உழுதுண்ணும் குடிகளில் அந்நாளிலும் களையெடுக்கவும் விறகு சுமக்கவும் அவள் போகவே செய்தாள். மதுரை மாவட்டத்துக் கூவலாபுரத்தில் ஊர்க்கோடியில் இருந்த முட்டுத்துறையும், கர்நாடகத்தில் தும்கூர், சித்திரதுர்க்கப் பகுதிகளில் காடுகொல்லர் ஊருக்கு வெளியே அமைத்த குடிசைகளும் இந்நூற்றாண்டிலும் பேசப்பட்டவை. அவற்றைக் கண்டு எழுதினோர் காட்டுவது ஒடுக்கமும் குளிரும் பாம்பச்சமும், ஓய்வு அன்று. ஆயினும் ஒன்றை மறுத்தற்கு இயலாது. இன்ன நாளில் இவள் இந்நிலையில் இருக்கின்றாள் என்பது வீட்டிற்குத் தெரிந்திருந்தது. தெரிந்தமையால் ஒரு கை சுக்கை இடித்தது. தீட்டும் மருந்தும் அந்த ஓர் அறிவினின்றே பிறந்தன.

இனிக் கேழ்வரகு பற்றி விரிவாகக் கூற வேண்டும். இப்பகுதியின் உணவு வரலாறே கேழ்வரகின் வரலாறு எனலாம். 1800, 1801ஆம் ஆண்டுகளில் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிசு புக்கானன், புன்செய்ப் பயிர்களுள் இதனையே தலையாயதாகக் குறித்தார். எல்லைக்கு இப்பாலும் அவ்வாறே. நெல் ஏரிப்பாய்ச்சலுள்ள இடங்களில் மட்டும் விளைந்தது. ஏழையர் அரிசியுண்டது விழா நாளில். இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாறிற்று. ஆலையரிசியும் பங்கீட்டுக் கடையும் மேட்டுநிலத்துக்கு வந்தன. 2011 சூன் முதல் பங்கீட்டு அரிசி தமிழகத்தில் விலையின்றியே கொடுக்கப்பட்டது. பசியைப் போக்கிய அச்செயலை யாம் குறைகூறோம். ஆனால் களித்துடுப்பு பரணுக்கு ஏறியதும் அதன் விளைவே. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் அரிசிக்கு ஈடாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது, போனதை மீட்கும் எண்ணம் அரசுக்கு எழுந்தமை தெரிந்தது.

இம்மாற்றத்தால் இழந்தது யாது என்பதை அளந்து கூறியவர்கள் நீலகிரியில் இருந்தனர். குன்னூர் உணவாராய்ச்சிக் கூடத்தின் தலைவராக இருந்த அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்துமதிப்பை 1937இல் ஒரு சிறு வெளியீடாகக் கொணர்ந்தார். அக்கூடம் பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. அவ்வெளியீடும் பலமுறை திருந்திப் பெருநூலாயிற்று. அப்பட்டியலின்படி, 100 கிராம் கேழ்வரகில் சுண்ணச் சத்து 344 மில்லி கிராம். தீட்டிய பச்சரிசியில் 10. தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்துக் கேழ்வரகில் 0.42 மில்லி கிராம். தீட்டிய பச்சரிசியில் 0.06, தீட்டிய புழுங்கலரிசியில் 0.21. உளுத்தம் பருப்பிலும் கொள்ளிலும் கேழ்வரகின் அளவே தயமின் உண்டு. எள்ளில் அது 1.01, சுண்ணச் சத்தோ 1450. சென்னை மாகாணத்தின் வடபகுதியில், பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட மாவட்டங்களில் பெரிபெரி நோய் பரவியதும், புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அத்துணைத் தோன்றாமையும் அக்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டவை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுள் புகுந்து நிலைப்பதே இதற்குக் காரணம்.

தயமினுக்கும் சூதகவலிக்கும் தொடர்பு யாது எனின், அதற்கு 1996இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு விடையாக நின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் கோகலே என்பார் வெளியிட்டது அது. 12 முதல் 21 வயது வரையுள்ள 556 பெண்களுக்கு நாளொன்றுக்கு 100 மில்லி கிராம் தயமின் 90 நாள் கொடுக்கப்பட்டது. நூற்றுக்கு 87 பேர்க்கு வலி அறவே நீங்கிற்று என்பது அதன் முடிவு. உலக மருத்துவர் இதனைப் பெரிதாக மதித்தனர். 2001இல் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் குழுவினர், தயமின் பயன் தருவது என்றே எழுதி, ஒரே ஓர் ஆய்வைச் சார்ந்த முடிவு இது என்பதையும் உடன் சுட்டினர். 2016இல் அக்குழுவினர் 27 ஆய்வுகளையும் 3101 பெண்களையும் உள்ளடக்கி மீண்டும் ஆராய்ந்தபோது குரல் தாழ்ந்தது. எந்தத் துணையுணவுக்கும் உயர்தரச் சான்று இல்லை. வெந்தயம், இஞ்சி, மீனெண்ணெய், துத்தநாகம், தயமின் முதலிய சிலவற்றுக்கு மெலிந்த சான்று உண்டு என்றனர். ஒரே நாட்டில் நிகழ்ந்த ஒரே ஆய்வின் வெற்றி இருபதாண்டில் ஐயத்துக்கு உரியதாயிற்று.

கேழ்வரகுக் களி உண்ட காலத்தில் இவ்வலி இல்லை. அரிசி வந்தது, வலியும் வந்தது என்று கூறுவோர்க்கு இவ்வாய்வு இனிமையாக ஒலிக்கும். கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். 100 மில்லி கிராம் தயமினைக் கேழ்வரகினின்றே பெற வேண்டுமாயின் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 24 கிலோ உண்ண வேண்டும். பீமனுக்கும் அஃது அரிது. அவ்வாய்வில் கொடுத்தது மருந்தின் அளவு. உணவின் அளவு அன்று. மேலும், களியுண்ட தலைமுறைக்கு வலி இல்லை என்பதற்குச் சான்று எங்கே? சூதகவலி என்னும் சொல்லே அத்தலைமுறைகளின் சொல்லன்றோ? கேழ்வரகு நல்லுணவு, அதனை உண்ணற்குக் காரணங்கள் பல. சூதகவலியை அதன் தலையில் ஏற்றுதல் வேண்டா. இரும்புச் சத்துப் பற்றியும் இவ்வாறே. 2019 - 21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல அளவாய்வில், தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள மகளிருள் நூற்றுக்கு 53.4 பேர் சோகையுடையராகக் காணப்பட்டனர். சோகை தீர இரும்பு வேண்டும். ஆனால் அது வலியைத் தணிக்கும் மருந்து அன்று. முளைகட்டியும் புளிக்கவைத்தும் கூழாக்கிய கேழ்வரகில் உள்ள இரும்பு, வறிதே கிண்டிய களியில் உள்ளதினும் உடலில் நன்கு சேரும் என்பதை மட்டும் இடையே சொல்லி மேற்செல்வோம்.

வலியின் காரணத்தை அறிவியலார் அறிந்த வரலாறு நெடியதன்று. 1957இல் பிக்கிள்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், சூதகக் குருதியில் தசையைச் சுருங்கச் செய்யும் பொருள் ஒன்று உண்டெனக் கண்டார். அது புராசுடகிளாண்டின் என்னும் வகையினது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அப்பொருள் மிகும்போது கருப்பை இறுகச் சுருங்குகிறது, அதன் குருதியோட்டம் குறைகிறது, வலி பிறக்கின்றது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அப்பொருள் உண்டாதலையே தடுக்கின்றன என்பதை 1971இல் சான் வேன் காட்டினார். 1982இல் அவர் நோபல் பரிசும் பெற்றார். அதற்கு முன்னர், வலியெல்லாம் மனத்தினால் வருவது எனப் பெண்களை ஏசி அனுப்பிய மருத்துவர் மேலைநாட்டிலும் இருந்தனர். நம் மரபு அதனை வளி என்றதேயன்றிப் பொய் என்றதில்லை. இஃது ஒன்றே நம் மரபுக்கு யாம் தரும் பெரும்புகழ். காரணத்தையும் அது முன்னரே கண்டது என்று கூறத் துணியோம்.

ஆனால் காரணம் வேறாயினும் கைப்பொருள் ஒன்றாகும் இடங்கள் உள. 2009இல் ஈரான் நாட்டில் 150 மாணவியரிடம் நிகழ்ந்த ஆய்வில், சுக்குப் பொடி 250 மில்லி கிராம் வீதம் நாளைக்கு நான்கு முறை, முதல் மூன்று நாள் கொடுக்கப்பட்டது. மெஃபனமிக் அமிலமும் இபுபுரோஃபனும் உட்கொண்ட மாணவியர்க்கும் சுக்கு உண்டோர்க்கும் வலி தணிந்ததில் வேறுபாடு காணப்படவில்லை. அந்நாட்டிலேயே 2014இல் வெந்தயப் பொடி 900 மில்லி கிராம் வீதம் நாளைக்கு மூன்று முறை கொடுத்து ஆராய்ந்தனர். அதுவும் வலியைக் குறைத்தது. இவ்விரண்டும் சிறு ஆய்வுகள். காக்ரேன் குழுவினர் கூறிய மெலிவு இவற்றுக்கும் உண்டு. எனினும் தயமினைப் போலன்றி இவற்றின் அளவு அடுப்படி அளவே. ஒரு கிராம் சுக்கு ஒரு சிட்டிகைக்குச் சற்று மேல், 2.7 கிராம் வெந்தயம் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. பாட்டியர் கை அளந்ததும் இதனை ஒட்டியதே. ஆகவே கைமருந்துகளை எல்லாம் ஒரே தட்டில் இட்டுப் புகழ்தலும் இகழ்தலும் தவறு. சுக்குக்கும் வெந்தயத்துக்கும் ஓரளவு சான்று உண்டு. உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் நல்லுணவு என்பதற்கு மேல் ஒன்றும் கூறுவதற்கில்லை. வெந்நீர் ஒத்தடத்தை உணவு என எண்ணாமையால் பலரும் விட்டுவிடுகின்றனர். உண்மையில் அதன் பயன் இவற்றுக்குக் குறைந்தது அன்று. வயது ஏற ஏற மிகும் வலியும், விலக்கு நாள் அல்லாத நாளிலும் நீடிக்கும் வலியும் வேறு நோயின் குறியாகலாம்; அவற்றுக்குச் சுக்கைக் கொடுத்துக் காலம் போக்குதல் தீங்காகும்.

இனி அக் கை எவ்வாறு மாறிற்று என்று காண்போம். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. பாறையும் கேழ்வரகுக் கொல்லையுமாக இருந்த நிலத்தில் வண்டித் தொழிற்சாலைகளும், 1980களில் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. பசுமைக் குடில்களில் ரோசாப் பயிர் பெருகியபோது மலர் பறிக்கும் வேலை மகளிர்க்காயிற்று. 2021இல் போச்சம்பள்ளியில் மின்வண்டி செய்யும் ஓலா தொழிற்சாலை முற்றும் மகளிரால் நடத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. ஓசூரை அடுத்துக் கைபேசி உறுப்புகள் செய்யும் டாட்டா தொழிற்சாலையிலும் பெரும்பாலோர் இளம்பெண்களே. சார்க்கண்டு முதலிய மாநிலங்களினின்றும் அவர்கள் வந்து விடுதிகளில் தங்கினர். வீட்டில் கலம் தொடாமல் இருந்தவள் இங்கே நாள்தோறும் பொறியைத் தொட்டாள். தீட்டென்று அவளை ஒதுக்குவாரும் இல்லை. அஃது ஒரு விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்று அவளுக்கு எந்நாள் என்பதை அறிந்த தாயும் அங்கு இல்லை. சுக்கு இடிக்க உரலும் இல்லை. விடுதிச் சோறு ஆயிரம் பேர்க்கு ஒரே நேரத்தில் வெந்த சோறு.

அவ்வெற்றிடத்தை நிரப்பியது மாத்திரை. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர், தமிழகத்து ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்த ஏறத்தாழ 100 மகளிரை வினவி ஒரு செய்தி வெளியிட்டனர். அது ஓசூரை மட்டும் குறித்தது அன்று. சூதகவலிக்குப் பணியிடத்தில் பெயர் பொறிக்காத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக வினவப்பட்ட அனைவரும் கூறினர். அதனால் உடல்நலம் குன்றியதாகப் பாதிக்கு மேற்பட்டோர் உரைத்தனர். மாத்திரையைக் கொடுத்தவர் பல இடங்களில் மருத்துவரல்லர், மேற்பார்வையாளர். அந்நாளில் நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேர்க்கு மேல் பணிபுரியும் இடத்தில் தகுதியுடைய மருத்துவப் பணியாளரோடு கூடிய சிகிச்சை அறை வேண்டும் என விதித்திருந்தது. அறை இருந்தும் கை மாறியதே இங்கு நோக்கத்தக்கது. சுக்கு இடித்த தாய் அப்பெண் நலம்பெற விரும்பினாள்; மாத்திரை கொடுத்த மேற்பார்வையாளர் அப்பெண் பொறியைவிட்டு எழாதிருக்க விரும்பினார். மருந்தின் பெயரே அறியாமல் விழுங்கியமை, எதிரே எட்டியிருந்து இட்டதை அறியாமல் உண்ட பழைய நிலையினும் கீழானது. மாத்திரைகளையே யாம் பழிக்கவில்லை. புராசுடகிளாண்டினைத் தடுக்கும் மருந்துகளுக்குச் சான்று வலிது; தக்கார் அறிவுரையோடு உண்போர் பயன் பெறுகின்றனர். ஆயினும் இவ்வலிக்குப் பெருவழக்காக உண்ணப்படும் மெஃபனமிக் அமிலத்தால் தோலையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் அரிய ஒவ்வாமை நேரக்கூடும் என 2023 நவம்பர் 30ஆம் நாள் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. பெயர் அறியாதவள் அவ்வெச்சரிக்கையை எங்ஙனம் பயன்கொள்வாள்?

மாத்திரையன்றி மற்றொரு வழியும் உலகில் எண்ணப்பட்டது. கொச்சி நாட்டுத் திருப்பூணித்துறைப் பெண்கள் பள்ளியில் 1912இல் விலக்கு நாளில் தேர்வெழுத இயலாதவர்க்குப் பின்னொரு நாளில் எழுத இசைவு தரப்பட்டது. சப்பான் 1947இல் தொழிலாளர் சட்டத்திலேயே இவ்விடுப்பைச் சேர்த்தது. பீகார் அரசு 1992 முதல் தன் மகளிர் அலுவலர்க்குத் திங்களுக்கு இரண்டு நாள் அளித்தது. 2025 அக்டோபர் 9ஆம் நாள் கர்நாடக அமைச்சரவை, அரசுப் பணியிலும் தனியார் தொழிலிலும் உள்ள மகளிர்க்குத் திங்களுக்கு ஒரு நாளாக ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கு இசைந்தது. ஆடைத் தொழிற்சாலைகளும் அதனுள் அடங்கின. முதலாளிமார் சிலர் அதனை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றனர்.

இவ்வாணையைக் கன்னடர் ‘ருதுசக்ர ரஜெ’ என வழங்கினர். முட்டு என்னும் பழஞ்சொல் அரசாணைப் பெயரில் இடம்பெறவில்லை. விடுப்புப் பெறுவதாயின் அவள் தன் நிலையை மீண்டும் பிறர்க்கு அறிவித்தல் வேண்டும். முன்னர் அதனை அறிந்தது வீடு, இப்போது அறிவது அலுவலகம். அதனால் வேலை தருவோர் மகளிரைத் தவிர்ப்பர் என அஞ்சுவோரும் உளர். அவ்வச்சத்தை யாம் எளிதாகத் தள்ளுவதற்கில்லை. ஓசூரில் குடியிருந்து நாள்தோறும் அத்திப்பள்ளியைக் கடந்து பொம்மசந்திரத்தில் பணிபுரியும் பெண்ணுக்கு அவ்வாணை உரியதாயிற்று. அவளோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, சிப்காட்டில் பணிபுரியும் தங்கைக்கு அவ்வாண்டில் அத்தகைய ஆணை ஒன்றும் இருந்ததில்லை. முன்னிரவில் ஊறவைத்த வெந்தயம் இருவர்க்கும் ஒரே கிண்ணத்தில் இருந்திருக்கும்.